எஞ்சின் நின்றதும் யாரைத் திட்டலாம்?

சொந்தமாக விமானம் கட்டி, அதில் ரோட்டரி எஞ்சினை மாட்டிப் பறந்து, அது ஆகாயத்தில் சட்டென்று நின்றுபோய், ஆளும் வண்டியும் முழுசாகத் தரை சேர்ந்த புண்ணியவான்களுக்கான கையேடு இது. புனேவில் அப்படி விமானம் வைத்திருப்பவர்கள் பெரிய கூட்டமில்லை. நின்றுபோன எஞ்சினுக்குக் காரணம் சொல்லக்கூடியவர்கள்தான் பெரிய கூட்டம்.

ஊர் அப்படி. ஆகுர்டியில் ஸ்கூட்டர், பிம்ப்ரியில் லாரி, கட்கியில் டீசல் எஞ்சின் என்று எண்ணெய்க் கையோடு வளர்ந்த ஊர். கோத்ரூட் குன்றின்மேல் ஏ.ஆர்.ஏ.ஐ. வாகன ஆராய்ச்சி நிலையம் 1966 முதல் நாட்டின் வண்டிகளுக்கு நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எந்த ஹவுசிங் சொஸைட்டியிலும் முப்பது வருடம் ஷாப் ஃப்ளோரில் நின்று ஓய்வுபெற்ற ‘காகா’ (மராத்தியில் சித்தப்பா) ஒருவர் இருப்பார். ஆகவே முதல் வேலை, ஹேங்கர் வாசலில் ஒரு பலகை மாட்டுவது. அதட்டலும் கிண்டலுமாகப் பலகை எழுதுவதில் புனேக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. ‘புணேரி பாட்யா’ என்று அதற்குத் தனிப் புகழே உண்டு. உங்கள் பலகை இப்படி இருக்கலாம்: ‘எஞ்சின் ஏன் நின்றது என்று எங்களுக்கே தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் எழுதி வைத்துவிட்டுப் போகவும். பேச வேண்டாம்.’

அடுத்து, யாரைத் திட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும். கோளாறு கண்டுபிடிப்பது அதற்குப் பிறகுதான். வரிசை மாறினால் மனசு தாங்காது.

மரபுப்படி முதலில் திட்டு வாங்க வேண்டியது அபெக்ஸ் சீல். ரோட்டரி எஞ்சினில் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. கொஞ்சம் உப்பிய முக்கோண ரோட்டர் ஒன்று, இடுப்புச் சிறுத்த கூட்டுக்குள் சுற்றுகிறது. அதன் மூன்று முனைகளிலும் கூட்டின் சுவரை உரசிக்கொண்டே போகும் மெல்லிய பட்டைகள்தாம் அபெக்ஸ் சீல்கள். ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வாங்கெல் யோசித்த இந்த எஞ்சினை வைத்து என்.எஸ்.யு. கம்பெனி 1967-ல் ரோ 80 என்ற காரை இறக்கியது. சீல் தேய்ந்து தேய்ந்து, வாரண்டியில் எஞ்சின் மாற்றிக் கொடுத்தே கம்பெனி நொந்து, 1969-ல் ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ரோ 80 ஓட்டுகிற இருவர் சாலையில் எதிரெதிரே வந்தால், இதுவரை எத்தனை எஞ்சின் மாற்றியாயிற்று என்று விரலால் காட்டிக்கொள்வார்களாம். ஜப்பானில் மாஸ்டா பொறியாளர்கள் கூட்டின் உட்சுவரில் விழுந்த தழும்புகளுக்குச் சாத்தானின் நகக்கீறல் என்று பெயர் வைத்தார்கள். கரியும் அலுமினியமும் கலந்த சீல் செய்து, அதைச் சமாளித்து, அதே 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட்டை வெளியிட்டார்கள். 1991-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையே ரோட்டரியால் ஜெயித்தார்கள். கெட்ட பெயர் மட்டும் போகவில்லை.

சீலைத் திட்டுவதில் ஒரு பெரிய வசதி உண்டு. அதைக் கண்ணால் பார்க்க எஞ்சினை முழுக்கப் பிரிக்க வேண்டும். பிரிப்பதற்குள் டேங்கில் கிடந்த பெட்ரோலை வடித்திருப்பீர்கள், ஒயர்களையெல்லாம் கழற்றியிருப்பீர்கள், ஃபில்டரைத் தூக்கிப் போட்டிருப்பீர்கள். உண்மைக் காரணத்தின் தடயம் ஒன்றுகூட மிஞ்சாது. ஆயுசு முழுக்க சீலைத் திட்டிக்கொண்டிருக்கலாம்.

ஒரே சங்கடம், சீல் போனால் ரோட்டரி அப்படி நிற்காது. சொந்த விமானக்காரர்கள் அதிகம் விரும்புகிற மாஸ்டா 13பி எஞ்சினில் ரோட்டர் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் அறை மூன்று. ஒரு சீல் போனால் அதற்கு இரண்டு பக்கமும் உள்ள அறைகள் வலுவிழக்கும். மீதி நாலு அறை வேலை செய்யும். எஞ்சின் உதறும், முனகும், இழுவை குறையும், ஆனாலும் சுற்றும். தண்ணீர் ஒழுகிச் சூடேறினாலும் பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாகும். சுவிட்சை அணைத்தது மாதிரி பொசுக்கென்று நிற்பது அதன் குணமில்லை.

இரண்டாவதாகத் திட்டு வாங்க வேண்டியவர், எஞ்சினை விற்றவர். மாஸ்டா தன் ரோட்டரி கார்களை இந்தியாவில் விற்றதில்லை. உங்களிடம் இருப்பது எங்கோ வெளிநாட்டில் ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 காரிலிருந்து கழற்றிக் கப்பலேறி வந்த எஞ்சின். ஆகவே விற்றவர் கூப்பிடு தூரத்தில் இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். உதிரி பாகம் வேண்டுமென்று நானா பேட்டைக் கடைகளில் போய் ‘மாஸ்டா’ என்று மட்டும் கேட்காதீர்கள். ஸ்வராஜ் மாஸ்டா லாரியின் பிரேக் ஷூவை எடுத்து வைத்துவிடுவார்கள். மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை கேட்டால் அதுவும் கிடைக்காது. கடைக்காரர் தூங்கப் போயிருப்பார்.

மூன்றாவதாக, இந்தியாவில் ரோட்டரி சரிப்படாது என்று பொதுவாகத் திட்டுவது. இதைச் சொல்வதற்கு முன் வடகிழக்கே 120 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அகமதுநகரை (இப்போது அகில்யாநகர்) ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள டி.ஆர்.டி.ஓ.வின் வாகன ஆராய்ச்சிக் கூடம், பெங்களூரின் தேசிய வான்வெளி ஆய்வகத்தோடு சேர்ந்து, ‘நிஷாந்த்’ ஆளில்லா விமானத்துக்காக ஒற்றை ரோட்டர் வாங்கெல் எஞ்சினைச் செய்தது. எடை ஏறக்குறைய 30 கிலோ, சக்தி 55 குதிரை. கூட்டின் உட்சுவருக்கு நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்த பூச்சு. 2009 மார்ச் 29-ம் தேதி கோலாரில் அந்த எஞ்சினோடு நிஷாந்த் முதல்முறை கிளம்பி, கடல் மட்டத்திலிருந்து 1.8 கிலோமீட்டர் உயரம் ஏறி, 35 நிமிடம் பறந்தது. நிஷாந்துக்கு எஞ்சின் நின்றாலும் கவலையில்லை, அது இறங்கியதே பாராசூட்டில்தான். உள்ளே ஆள் இல்லாததால் பைலட்டைத் திட்டவும் வழியில்லை. உங்களுக்கு இரண்டு சலுகையும் கிடையாது. விமானத்தைக் கட்டியவர் நீங்கள், ஓட்டியவர் நீங்கள், மெக்கானிக்கும் நீங்களே. இந்தத் தொழிலின் முழுக் கஷ்டமும் இதில்தான் இருக்கிறது: குற்றவாளியே இன்ஸ்பெக்டர்.

அதனால்தான் யாரும் தன் கையால் முடுக்கிய கிளாம்ப்பை முதலில் பார்ப்பதில்லை. வாங்கெல் போட்ட ரோட்டரைச் சந்தேகிப்பது கௌரவம். தான் போட்ட எர்த் ஒயரைச் சந்தேகிப்பது அவமானம். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொந்த விமானங்களைப் பற்றி 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. இவ்வகை விமானங்களின் விபத்துக்குத் தொடக்கமாக அதிகம் அமைபவை இரண்டு என்றது: எஞ்சின் பக்கக் கோளாறு, ஓட்டுபவரின் கட்டுப்பாடு தவறுதல். விமானம் புதிதாகப் பறக்கத் தொடங்கும் நாட்களில்தான் ஆபத்து கூடுதல் என்றும் சொன்னது. முதல் சில மணி நேரத்தில் சீல் தேய நேரம் ஏது? குழாயும் ஒயரும் பொருத்திய லட்சணம்தான் அப்போது சோதனைக்கு வருகிறது.

திட்டி முடித்தாயிற்று. இனி, விரும்பினால், கோளாறைத் தேடலாம்.

நாற்காலியில் உட்காருங்கள். அமிர்த்துல்ய கடையிலிருந்து டீ வரவழையுங்கள். ஸ்பானரை யாராவது நம்பகமானவரிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லுங்கள். எஞ்சின் எப்படி நின்றது என்பதை, வேறு யாரிடமும் பேசுவதற்கு முன், ஒரு தாளில் எழுதுங்கள். ‘திடீரென்று’ என்று மட்டும் எழுதினால் பிரயோசனமில்லை. எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள்.

இருமி, தெம்பு வந்து, மறுபடி இருமி, பிறகு அடங்கியதா? பெட்ரோல். ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரே நொடியில் நின்றதா? மின்சாரம். எஞ்சின் வீறிட்டு அலற, முன்னே இழுவை மட்டும் காணாமல் போயிற்றா? எஞ்சினுக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவே இருக்கும் கியர்பாக்ஸ். ரோட்டரி 6,000 சுற்றுக்கு மேல் ஓடினால்தான் சுகம் காணும். புரொப்பெல்லருக்கு 2,700-க்கு மேல் போனால் முனைகள் ஒலியின் வேகத்தை நெருங்கிக் கத்தத் தொடங்கும். அதனால் நடுவே ஒரு வேகக்குறைப்பு கியர் தவிர்க்க முடியாது. அது உடைந்திருந்தால் எஞ்சினைத் தொடவே வேண்டாம். கடைசியாக, புரொப்பெல்லர் ஆணியடித்தது போல் நின்று, கையால் தள்ளினாலும் அசையவில்லையா? அப்போது மட்டும் காகாவைக் கூப்பிடுங்கள். பேரிங் பிடித்திருக்கலாம், ஆயில் போயிருக்கலாம். ரோட்டரி தன் சூட்டில் கணிசமான பங்கை ஆயில் வழியாக வெளியேற்றுகிறது. ரேடியேட்டருக்குக் காட்டிய அக்கறையை ஆயில் கூலருக்குக் காட்டாதவர்கள் அதிகம்.

பெட்ரோல் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். இரண்டு இறக்கையிலும் டேங்க் வைத்து, நடுவே திருகு வைத்து, காலியான பக்கம் திருகை விட்டுவிட்டு எஞ்சினைப் பிரித்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. சேத்தக் ஸ்கூட்டர் ஓட்டிய நாட்டில் ரிசர்வ் திருகு பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் வண்டியை ஒரு பக்கம் சாய்த்துக் கிளப்பும் அந்தச் சேத்தக் வித்தை இங்கே எடுபடாது.

அடுத்து டேங்கின் காற்றுக் குழாய். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு உறிஞ்சினாலும் பெட்ரோல் நகராது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்குப் பயந்து விமானத்தை ஹேங்கரில் பூட்டி வைத்திருப்பீர்கள். அதற்குள் மண் குளவி ஒன்று அந்தக் குழாயைப் பார்த்து, நமக்காகவே கட்டிய வீடு என்று சந்தோஷப்பட்டு, குடும்பத்தோடு குடியேறியிருக்கும். ஒரு கம்பியை விட்டுக் குத்தினால் தெரிந்துவிடும். ஐந்து பைசா செலவில்லை என்பதால் இந்தச் சோதனையை யாரும் மதிப்பதில்லை.

பிறகு எத்தனால். இப்போது நம் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கான கரும்பு புனேவைச் சுற்றியும் விளைகிறது, எத்தனால் ஆலைகள் கட்டித்தரும் பிராஜ் நிறுவனமும் புனேவைச் சேர்ந்ததுதான். ஊர்ப் பெருமையை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் எத்தனால் சில வகை ரப்பர்களை உப்பவைக்கும், ஃபைபர் டேங்கின் உட்புறம் பூசிய சில பசைகளைக் கரைக்கும், ஈரக் காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடிக்குப் போய்விடும். எஞ்சின் குடிப்பது அடியிலிருந்துதான். கரைந்த பசை ஃபில்டரில் போய் அப்பிக்கொள்ளும். ரோட்டரிக்கு ஆக்டேன் அதிகம் வேண்டாம், பங்க் பெட்ரோலே போதும் என்று எஞ்சின் வாங்கும்போது பெருமைப்பட்டோமே, அதற்கு விலை இது. விமானப் பெட்ரோலான அவ்காஸ் வேறு கதை. வெகுகாலம் இறக்குமதியாகவே வந்து, 2022-ல்தான் இந்தியன் ஆயில் அதை இங்கேயே தயாரிக்கத் தொடங்கியது. அதில் ஈயம் உண்டு. ஸ்பார்க் பிளக்கில் படியும்.

எத்தனால் எவ்வளவு என்று சந்தேகமிருந்தால், கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அளவைக் குறித்துக்கொண்டு, மேலே பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு போய்ச் சேரும். தண்ணீரின் மட்டம் எவ்வளவு உயர்ந்ததோ அதிலிருந்து கணக்குப் போடலாம். பள்ளிக்கூடப் பிள்ளையே செய்துவிடலாம், ஆகவே பொறியாளர்கள் செய்ய மாட்டார்கள்.

பெட்ரோலின் இன்னொரு சேட்டைக்கு வேப்பர் லாக் என்று பெயர். பம்ப்பை எஞ்சின் அறையின் சூட்டில், டேங்குக்கு மேலே, உறிஞ்சுகிற மாதிரி வைத்தால், குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் ஆவியைத் தள்ளாது. டேங்குக்குப் பக்கத்திலேயே, கீழே, குளிர்ச்சியான இடத்தில் வைத்து, தள்ளுகிற மாதிரி அமைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். கார்புரேட்டர் வைத்தவர்களுக்கு ஐஸ் தொல்லை வேறு. வெளியே இருபது டிகிரி இருந்தாலும், ஈரக் காற்று கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் குளிர்ந்து, உள்ளேயே பனியாகப் படிந்து மூச்சை அடைக்கும். இந்த இரண்டு குற்றவாளிகளிடமும் ஒரு ஒற்றுமை, போலீஸ் வருவதற்குள் ஓடிவிடுவார்கள். தரையிறங்கி அரை மணியில் ஆவி அடங்கிவிடும், ஐஸ் உருகிவிடும். ஊரே கூடி நிற்கும்போது சுவிட்சைப் போட்டால் எஞ்சின் ஒரே சுற்றில் கிளம்பி, டாக்டர் வீட்டு வாசலில் காய்ச்சல் இறங்கிவிட்ட பிள்ளை மாதிரி உங்களைப் பார்க்கும். மானம் போகும். ஆனால் அதுவே ஒரு தடயம், எழுதி வையுங்கள்.

மின்சாரப் பக்கம் சுருக்கமாக முடிக்கலாம், ஏனென்றால் தவறும் ஒன்றே ஒன்றுதான். இரண்டு பெட்ரோல் பம்ப், இரண்டு கம்ப்யூட்டர், ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டிரண்டு பிளக் என்று எல்லாவற்றையும் ஜோடி ஜோடியாக வைத்துவிட்டு, அத்தனைக்கும் ஒரே எர்த் ஒயர், அல்லது ஒரே ரிலே, அல்லது ஒரே ஃபியூஸ் கொடுத்திருப்பீர்கள். படத்தில் இரண்டு கோடு வரைந்திருப்பதைக் காட்டாதீர்கள். ஒயரைக் கையால் பிடித்து, பேட்டரி முனை வரை தொட்டுக்கொண்டே போங்கள். இரண்டும் எங்கே ஒன்றாகிறதோ அங்கே இழுத்துப் பாருங்கள்.

இப்போது கம்ப்ரஷன். இங்கேதான் பாவப்பட்ட சீல் மீது பொய்க் கேஸ் ஜோடிக்கப்படுகிறது. எஞ்சின் நின்றதும் ஆகாயத்தில் பதறிப்போய் ஸ்டார்ட்டரை அழுத்தி அழுத்தி விட்டிருப்பீர்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் உள்ளே பெட்ரோல் பாய்ந்து, சீல்களின்மேல் இருந்த ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. ஆயில் இல்லாத சீல் காற்றைப் பிடிக்காது. தரைக்கு வந்து கம்ப்ரஷன் பார்த்தால் குறைவாகத்தான் காட்டும். ‘சொன்னேன்ல, சீல்தான்’ என்பார் காகா. எஞ்சின் பிரிபடும். உள்ளே சீல் நன்றாகவே இருக்கும். பிளக்குகளைக் கழற்றி, உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டு, சுற்றிவிட்டு மறுபடி பார்த்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

சாதாரண கம்ப்ரஷன் மீட்டரையும் நம்ப வேண்டாம். ஒரு ரோட்டருக்கு மூன்று முகம். மீட்டரின் முள் மூன்றில் எது அதிகமோ அதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். சொத்தையான முகம் தப்பித்துவிடும். பேட்டரியைக் கழற்றி, பிளக்குகளை எடுத்துவிட்டு, புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றிக் காது கொடுங்கள். ஒவ்வொரு ரோட்டரிலிருந்தும் புஸ், புஸ், புஸ் என்று மூன்று சீரான மூச்சு வந்தால் சீலுக்கு ஜாமீன் கொடுத்துவிடலாம். இரண்டு புஸ் மட்டமாக இருந்தால் உங்கள் ஆசைப்படியே எஞ்சினைப் பிரியுங்கள்.

இதெல்லாம் தரைக்கு வந்த பிறகு. வருவது எப்படி என்று கேட்டால், லோஹகாவ் விமானப்படைத் தளம் உங்கள் சோதனைக்குத் திறந்து வைத்திருக்கும் இடமில்லை. மும்பை காந்திவலியில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய கேப்டன் அமோல் யாதவ், 2016-ல் அதைக் கண்காட்சியில் வைத்து, 2017-ல் பதிவு வாங்கி, 2019-ல் பறக்க அனுமதி பெற்று, சோதனை ஓட்டத்துக்குத் துலே வரை போக வேண்டியிருந்தது. (1910-ல் சென்னையில் ஹோட்டல் நடத்திய டி’ஏஞ்சலிஸ், சிம்சன் பட்டறையில் விமானம் கட்டிப் பறந்தபோது இத்தனை காகிதம் இல்லை.) கிளம்பியதும் எஞ்சின் நின்றால் திரும்பி ரன்வேயைப் பிடிக்கலாம் என்று தோன்றும். தாழ்வான உயரத்தில் அப்படித் திரும்பியவர்கள் வேகம் இழந்து சுழன்று விழுந்திருக்கிறார்கள். மூக்கைத் தாழ்த்துங்கள், எதிரே தெரியும் வயலில் இறங்குங்கள். கரும்பு முறிந்தால் முறியட்டும். எஞ்சினே இல்லாமல் இறங்குவதைப் பழக ஹடப்ஸரில் கிளைடிங் மையம் இருக்கிறது. அங்கே எஞ்சின் கோளாறு வந்தால் அது கிளைடரை இழுத்து ஏற்றிவிட்டுத் தரையிலேயே நிற்கும் விஞ்சில்தான் வரும்.

இறங்கியபோது விமானம் சேதமாகியிருந்தாலோ, யாருக்காவது அடிபட்டிருந்தாலோ, மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். ஆளைக் காப்பாற்றுவது போன்ற அவசரம் தவிர எதற்காகவும் விமானத்தைத் தொடக் கூடாது. விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவுக்குத் தகவல் சொல்ல வேண்டும், தேடுவது அவர்கள் வேலை. சேதமில்லை என்றால் மட்டும் நீங்கள் தேடலாம். அப்போதும் முதலில் டேங்கின் அடியிலிருந்து அரை லிட்டர் பெட்ரோலை ஒரு சுத்தமான கண்ணாடி பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி, இறுக மூடி வையுங்கள். காகா கையில் ஸ்பானர் வருவதற்கு முன்னால்.